கூலிப்படையா, கூலிகளின் படையா?

சென்ற ஆகஸ்டு மாதம், கோட்டாறு கம்போளத்தை அடுத்த ஒரு சிறு அரங்கில், விடுதலைப் போரில் குமரி மாவட்டத்தின் பங்கு என்னும் பொருளில் ஓர் உரை கேட்கப் போயிருந்தேன். பேசியவர் மூத்தவர், படித்தவர், மேடை கண்டவர். ஒன்றரை மணி நேரத்தில் பெரும்பகுதியைச் செண்பகராமன் பிள்ளைக்கே கொடுத்தார். எம்டன் கப்பல் வந்தது, சென்னைக் கோட்டை அதிர்ந்தது, கைதட்டல் எழுந்தது. முடிவில் பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞன் எழுந்து, மலேயாவிலிருந்து இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த தமிழர்களைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே என்று கேட்டான். பேச்சாளர் சிரித்துக்கொண்டே, 'அவர்கள் தோட்டக் கூலிகள் தம்பி, யுத்த காலத்தில் சோற்றுக்கு வழியில்லாமல் சேர்ந்தவர்கள், அதையெல்லாம் தியாகம் என்று சொல்ல முடியாது' என்றார். அரங்கில் சிலர் சேர்ந்து சிரித்தார்கள். இளைஞன் உட்கார்ந்துவிட்டான்.

நானும் உட்கார்ந்தே இருந்தேன். அந்த மௌனம் எனக்குப் பெருமை சேர்ப்பதன்று. வகுப்பறையில் புறத்திணை நடத்துகிறவன், நடுகல் மரபைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவன், பேச வேண்டிய இடத்தில் வாய்மூடி இருந்தேன். அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன். பேசியவரின் பெயர் முக்கியமில்லை. அவர் சொன்னது அவர் ஒருவரின் கருத்தாக இருந்தால் எழுதவே வேண்டியதில்லை. படித்த தமிழர் பலரின் மனத்தில் கிடக்கும் ஓர் எண்ணத்தையே அவர் வாய்விட்டுச் சொன்னார்.

முதலில் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. சரணடைந்த பிரிட்டிஷ் இந்தியச் சிப்பாய்களைக் கொண்டு மோகன் சிங் அமைத்த முதல் ஐ.என்.ஏ. அந்த ஆண்டின் இறுதிக்குள் கலைந்துபோயிற்று. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து தலைமை ஏற்ற பின்னரே சாதாரணக் குடிமக்களுக்குப் படையின் வாசல் அகலத் திறந்தது. அந்த வாசல் வழியே நுழைந்தவர்களில் மிகப் பெரும்பான்மையர் தமிழர்கள். பால்மரம் வெட்டியவர்கள், ரயில் பாதைக் கூலிகள், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், கிராணிகள், கடைப் பையன்கள், செட்டியார் கிட்டங்கிகளில் கணக்கெழுதியவர்கள். மலேயாவிலிருந்து இப்படிச் சேர்ந்த குடிமக்களின் எண்ணிக்கையைப் பதினெட்டாயிரத்தை ஒட்டி மதிப்பிடுகிறவர்கள் உண்டு. நாற்பதாயிரம் பேர் கொண்ட படை என்று பொதுவாகச் சொல்லப்படும் ஒன்றில் இது சிறு பங்கன்று.

இவர்களில் பலர் இந்தியாவை விட்டு வந்து பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்னும் பலர் மலேயாவிலேயே பிறந்தவர்கள். அவர்களுக்கு இந்தியா என்பது தாயின் பேச்சில் வரும் ஓர் ஊர்ப்பெயர், கங்காணி சொன்ன ஒரு கோயில், கப்பலேறிய துறை. பார்த்தறியாத மண்ணுக்காக ஆயுதம் எடுத்தவர்கள் அவர்கள். உலகில் இது நமக்கு மட்டும் நேர்ந்ததில்லை.

போலந்தை எடுத்துக்கொள்வோம். 1795இல் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா என மூன்று வல்லரசுகளும் அந்த நாட்டைப் பங்கிட்டு முடித்துவிட்டன. அதன் பின் 123 ஆண்டுகள் வரைபடத்தில் போலந்து இல்லை. பஞ்சம் பிழைக்க அமெரிக்காவுக்குப் போன போலிஷ் உழவர்கள் சிகாகோவின் இறைச்சிக் கொட்டில்களிலும் பிட்ஸ்பர்க்கின் எஃகு உலைகளிலும் கூலிகளாயினர். முதல் உலகப் போர் வந்தது. 1917 ஜூனில் பிரெஞ்சு அரசு தன் மண்ணில் ஒரு போலிஷ் படை அமைக்க ஆணையிட்டது. பியானோ இசைக்கலைஞர் பதெரெவ்ஸ்கி அமெரிக்க நகரங்கள் தோறும் சென்று ஆதரவு திரட்டினார். அமெரிக்கக் கட்டாயப் படைச் சேர்ப்புக்கு உட்படாத போலியர்கள் கனடாவில் நயாகரா ஏரிக்கரை ஊரொன்றில் பயிற்சி பெற்றனர். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு கடல் கடந்தனர். தளபதி ஹாலரின் தலைமையில், நீலச் சீருடையால் நீலப் படை என்று பெயர் பெற்று, 1919இல் போலந்துக்குள் நுழைந்தனர்.

அவர்கள் எல்லாரும் புனிதர்கள் அல்லர். அந்தப் படையினர் யூதர்கள் மீது நிகழ்த்திய வன்முறை வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. திரும்பி வந்தவர்களை அமெரிக்க அரசு தன் வீரர்களாக ஏற்கவில்லை, ஆகவே உதவியும் இல்லை. 1921இல் தங்களுக்கென ஒரு சங்கம் கண்டு அவர்களே தம்மில் நொந்தவர்களைத் தாங்கிக்கொண்டனர். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பயிற்சி முகாமிலேயே 1918ஆம் ஆண்டின் விஷக்காய்ச்சலில் இறந்துபோன இருபதுக்கும் மேற்பட்டவர்களின் கல்லறைகள் அந்தக் கனடிய ஊரில் உள்ளன. போர்முனையையே பாராதவர்கள் அவர்கள். ஆயினும் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் போலிஷ் மக்கள் அங்கே கூடி மலர் வைக்கிறார்கள். 'எஃகு ஆலைக் கூலி, சோற்றுக்குச் சேர்ந்தான்' என்று அந்தக் கல்லறை முன் நின்று எவரும் சிரிப்பதில்லை.

நாம் சிரிக்கிறோம். ஏன் என்பதே என் கேள்வி.

சோற்றுக்குச் சேர்ந்தார்கள் என்னும் குற்றச்சாட்டை நேரில் எதிர்கொள்வோம். அது முழுப்பொய் என்று நான் வாதிடப் போவதில்லை. ஜப்பானிய ஆட்சியில் ரப்பர் ஏற்றுமதி நின்றது, தோட்டங்கள் முடங்கின, பர்மா அரிசியை நம்பியிருந்த நாட்டில் மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. படையில் சேர்ந்தால் ஒரு வேளைச் சோறு உறுதி. இந்த எண்ணம் ஆயிரக்கணக்கானோர் மனத்தில் இருந்திருக்கும். இருந்ததில் இழிவு என்ன?

ஐ.என்.ஏ.வின் மற்றொரு பாதியை நினைத்துப் பாருங்கள். அவர்கள் போர்க்கைதிகள். ஜப்பானியச் சிறை முகாமின் பசியும் நோயும் கட்டாய உழைப்பும் அவர்களுக்கும் முன்னால் நின்றன. படையில் சேர்ந்தால் அவற்றிலிருந்து விடுதலை. செங்கோட்டையில் விசாரிக்கப்பட்ட ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், தில்லான் ஆகியோரைப் பார்த்து, 'சோற்றுக்குச் சேர்ந்தீர்களா?' என்று நம்மில் எவரேனும் கேட்டதுண்டா? கேட்கக் கூடாது என்பதே சரி. அவர்களிடம் கேட்காத கேள்வியை லயத்தில் வாழ்ந்தவனிடம் மட்டும் ஏன் கேட்கிறோம்? அதிகாரியின் நெஞ்சில் கொள்கை இருக்கும், கூலியின் நெஞ்சில் வயிறுதான் இருக்கும் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார்? அவன் அடைந்த துன்பத்தையே அவன் நோக்கத்துக்கு எதிரான சான்றாக்குவது என்ன நீதி?

மேலும், அந்தக் கூலிகள் 1943இல் திடீரென்று விழித்தெழுந்தவர்கள் அல்லர். 1941இல் சிலாங்கூர் மாநிலத்தின் கிள்ளான் பகுதித் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி நம் மேடைகள் பேசுவதில்லை. ஆர்.எச். நாதன் முன்னின்ற அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி வேண்டும் என்பது ஒன்று. அதோடு, வெள்ளைத் துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும், தோட்டத்துப் பெண்களுக்குத் துரைமாரும் கிராணிகளும் இழைக்கும் தீங்கு நிற்க வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும், காந்தி குல்லாய் அணியும் உரிமை வேண்டும். இவையா வயிறு மட்டுமே உடையவர்களின் கோரிக்கைகள்? நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். மே மாதம் அவசரநிலை அறிவித்து, துருப்புகளை இறக்கி, துப்பாக்கியால் சுட்டு அடக்கினார்கள். சைக்கிளிலிருந்து இறங்க மாட்டேன் என்று சொன்ன அதே மனிதனுக்கு இரண்டாண்டு கழித்து ஒருவர் துப்பாக்கியை நீட்டி, 'உன் நாட்டுக்காக இதைப் பிடி' என்றார். அவன் பிடித்தான். இதில் புரியாத புதிர் ஏதுமில்லை.

இன்னொன்றும் உண்டு. தோட்டத் தமிழரில் ஒடுக்கப்பட்ட சாதியினர் பெரும்பங்கினர். ஐ.என்.ஏ. முகாம்களில் சாதி, மத வேறுபாடின்றி ஒரே சமையல், ஒரே பந்தி. இதன் பொருள் நம் ஊர்க்காரர்களுக்கு விளங்க வேண்டும். கோட்டாற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் சுசீந்திரத்தில், கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காகவே 1926இல் சத்தியாகிரகம் நடந்தது. திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936 நவம்பரில். அடுத்த ஏழே ஆண்டுகளில், கடலுக்கு அப்பால், ஒரு கூலியின் மகன் சீருடை அணிந்து மற்றவர்களோடு சமமாக உட்கார்ந்து உண்டான். அந்தச் சோற்றுக்காகவே அவன் சேர்ந்தான் என்று வைத்துக்கொண்டாலும், அந்தச் சோறு வெறும் சோறன்று.

இரண்டாவது குற்றச்சாட்டு இதைவிடக் கனமானது. ஜப்பானியரின் கையாளாக இருந்தார்களே என்பது அது. இதை மழுப்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சயாம் மரண ரயில்பாதை 415 கிலோமீட்டர். அதில் மாண்ட ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழத் தொண்ணூறாயிரம் பேர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. அவர்களில் மலேயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலைப் படித்தவர்கள் அந்தக் கொடுமையை மறக்க மாட்டார்கள். அந்த மக்களைக் கொன்ற ஜப்பானே ஐ.என்.ஏ.வின் துணை நாடு. நேதாஜியின் அரசு அந்தத் தொழிலாளர்களைக் காப்பாற்றிவிடவில்லை. இது அவர் வரலாற்றில் ஆழமான வடு. அதைச் சொல்லத் தயங்குகிறவன் அவருக்கு நன்மை செய்வதில்லை.

ஆனால் அந்த வடுவைத் தோட்டத் தமிழன் தலையில் கட்டுவது எவ்வளவு பெரிய அநியாயம்! கொல்லப்பட்டது அவன் அண்ணன், அவன் மாமன். சீருடை போட்டால் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள் என்பதற்காகச் சேர்ந்தவர்கள் உண்டு. ஜப்பானியன் கையில் அடிமையாகச் சாவதைவிட, ஆயுதமேந்திய இந்தியனாக அவன் எதிரே நிற்கலாம் என்று நினைத்தவர்கள் உண்டு. பர்மா முனைக்குப் போன ஐ.என்.ஏ. வீரர்கள் பலர் அந்த ரயில்பாதையில்தான் பயணம் செய்தார்கள். தம் உறவினர் உயிரைக் கொடுத்துப் பதித்த கட்டைகளின் மேல் ஏறித் தம் நாட்டை மீட்கப் போனார்கள். இந்தக் கொடிய முரணைப் புரிந்துகொள்ள முயல்வது இலக்கியம் படித்தவன் கடமை. நாமோ துரோகம், தியாகம் என்னும் இரண்டே சொற்களை வைத்துக்கொண்டு இதை அளக்கப் பார்க்கிறோம்.

மூன்றாவது, 'என்ன சாதித்தார்கள்?' என்னும் ஏளனம். 1857க்குப் பின் பிரிட்டிஷார் பஞ்சாபியர், கூர்க்கர், பட்டாணியர் ஆகியோரைப் போர்க்குடிகள் என்று கொண்டாடி, தென்னாட்டவரைப் போருக்கு ஆகாதவர் என்று மெல்ல மெல்ல ஒதுக்கினர். அந்த முத்திரை ஐ.என்.ஏ.வுக்குள்ளும் தொடர்ந்தது. தோட்டத்துப் பையன்கள் சண்டையிடுவார்களா என்று பழைய சிப்பாய் அதிகாரிகளே ஐயுற்றனர். ஆணைகள் இந்துஸ்தானியில் வந்தன. அதை அவர்கள் கற்றனர். 1945 பிப்ரவரியில் ஐராவதி ஆற்றைக் கடக்க வந்த பிரிட்டிஷ் படையை எதிர்கொண்ட நேரு படைப்பிரிவில் மலேயாத் தமிழர் மிகுதி. விமானமும் டாங்கியும் கொண்ட ஒரு சேனையின் முன் அவர்கள் தோற்றனர், சிதறினர், சிலர் சரணடைந்தனர். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஜப்பானியர் ரங்கூனை விட்டு ஓடிய பின், பிரிட்டிஷார் வந்து சேரும்வரை, சென்னை மாகாணத்தவரான லோகநாதன் தலைமையில் ஏறத்தாழ ஐயாயிரம் ஐ.என்.ஏ. வீரர்கள் அந்த நகரைக் கொள்ளையிலிருந்து காத்தனரே, அது எந்தக் கணக்கில் சேரும்? சில ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து பல லட்சம் இந்தியர் உயிருக்கு அஞ்சி நடந்தே அசாமுக்கு ஓடிய வரலாற்றை நினைத்துப் பார்த்தால், அந்தச் சில நாட்களின் அருமை புரியும்.

பெண்களைப் பற்றியும் ஒரு சொல். ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் 1943 அக்டோபர் 22 அன்று சிங்கப்பூரில் தொடங்கியது. தலைமை தாங்கியவர் சென்னையில் பிறந்த மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன். அவர் பெயர் நமக்குத் தெரியும். கோலாலம்பூரில் பிறந்து பதினெட்டு வயதில் தம் காதணிகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அப்படையில் சேர்ந்து, பின்னர் மலேயா இந்தியக் காங்கிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜானகி தேவரைத் தமிழ்நாட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் வசதியான வீட்டுப் பெண். அவரையும் சோற்றுக்குச் சேர்ந்தவர் என்பார்களா? 1945இல் ரங்கூனிலிருந்து பின்வாங்கும் வழியில் ரயில்மீது நடந்த தாக்குதலில் இறந்த ஸ்டெல்லா, ஜோசபின் என்னும் இரு பெண்களைப் பற்றி எங்கேனும் ஒரு கூட்டம் நடந்ததுண்டா? கோட்டாற்றுச் சவேரியார் கோயில் தெருவில் வீட்டுக்கு வீடு வழங்கும் பெயர்கள் அவை.

சரி, இவ்வளவு பேர் எப்படி மறைந்தார்கள்? சதி என்று சொல்லி எளிதாக முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. காரணங்கள் இருக்கின்றன.

முதற்காரணம் சட்டம். போர் முடிந்ததும் பிரிட்டிஷார் விசாரித்தது, மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்துவிட்டு அதை மீறிய சிப்பாய்களை. வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று தரம் பிரித்து, கோப்புகள் திறந்து, 1945 நவம்பரில் செங்கோட்டையில் வழக்கு நடத்தினர். தோட்டத் தமிழன் எந்தப் பிரமாணமும் செய்தவனல்லன். அவன்மீது அந்த வழக்கு நிற்காது. சில காலம் அடைத்து வைத்துவிட்டு, தோட்டத்துக்கே போ என்று அனுப்பிவிட்டனர். அவனுக்கென்று வழக்குப் பதிவுகள் இல்லை, வக்கீலின் வாதம் இல்லை, பத்திரிகைப் படம் இல்லை. குற்றவாளி என்று எழுதப்பட்டவனே பின்னர் தியாகி என்று எழுதப்பட்டான். குற்றப் பதிவேடே இல்லாதவனுக்குத் தியாகிப் பதிவேடும் இல்லாமற் போயிற்று. சிங்கப்பூர்க் கடற்கரையில் எழுப்பிய ஐ.என்.ஏ. நினைவுச் சின்னத்தையும் 1945 செப்டம்பரில் மவுண்ட்பேட்டன் ஆணையால் இடித்துத் தள்ளினர். அந்த இடத்தில் ஓர் அடையாளக் கல் வர 1995 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இரண்டாம் காரணம் நம் இலக்கியம். ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' (1959), 'புயலிலே ஒரு தோணி' (1972) ஆகிய இரண்டும் இல்லாவிட்டால் அந்தக் காலமே நம் மொழியில் இருண்டு கிடந்திருக்கும். அந்த நாவல்களையே பல ஆண்டுகள் கவனிப்பாரின்றி விட்டவர்கள் நாம். ஆனால் சிங்காரத்தின் மாந்தர்கள்கூட வட்டிக்கடைப் பையன்கள், கடைத்தெருக்காரர்கள். அவர் அறிந்த உலகம் அது, நேர்மையாக எழுதினார். லயத்திலிருந்து புறப்பட்டு ஐராவதிக் கரைக்குப் போனவனின் கதையைத் தமிழகத்தில் எழுதியவர் எவர்?

மூன்றாம் காரணம் நம் வீர வழிபாடு. இதைச் சொன்னால் ஊரில் சிலருக்குக் கோபம் வரும். செண்பகராமன் பிள்ளை பெரிய மனிதர். 1914இல் சூரிக்கில் இந்திய ஆதரவுக் குழு கண்டதும், 1915இல் காபூலில் அமைந்த தற்காலிக அரசில் அயல்துறை ஏற்றதும், 1934இல் பெர்லினில் இறந்து 1966இல் அஸ்தியாகத் தாயகம் திரும்பியதும் போதாதா? அவரை எம்டனில் ஏற்றி வைத்தே தீர வேண்டுமா? எம்டன் சென்னையைச் சுட்ட 1914 செப்டம்பர் 22 அன்று அவர் இருந்தது ஐரோப்பாவில். உண்மையான சாதனையை விட்டுவிட்டுக் கட்டுக்கதைக்குக் கைதட்டுகிறோம். அதேபோல, அடுத்த பிறவியில் தமிழனாகப் பிறக்க விரும்புவதாக நேதாஜி சொன்னார் என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். எந்த ஆண்டு, எந்தக் கூட்டம் என்று கேட்டால் பதில் வருவதில்லை. அவர் அப்படிச் சொன்னாரோ இல்லையோ, அவர் பின்னால் அணிவகுத்தவர்கள் இந்தப் பிறவியிலேயே தமிழர்களாகப் பிறந்தவர்கள். அவர்கள் பெயரில் பத்தைச் சொல்ல முடியாத நமக்கு அந்தச் சான்றிதழ் எதற்கு?

வக்கம் காதரை நினைத்துப் பாருங்கள். திருவிதாங்கூர்க்காரர், மலேயாவுக்குப் பிழைக்கப் போனவர், பினாங்கில் பயிற்சி பெற்று 1942இல் ரகசியமாக இந்தியக் கரைக்கு அனுப்பப்பட்டுப் பிடிபட்டவர். 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் அவரையும் அனந்தன் நாயர், சத்தியேந்திர பர்தான், பௌஜா சிங் ஆகியோரையும் தூக்கிலிட்டனர். காதருக்கு அப்போது வயது 26. கோட்டாறும் அந்நாளில் திருவிதாங்கூர்தான். 1956 நவம்பரில் எல்லைக்கோடு மாறியபோது காதரை அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்துவிட்டோம். தியாகிகளையுமா மொழிவாரியாகப் பிரிப்பது?

இனி என் வீட்டுக் கதை ஒன்று. என் பாட்டனாரின் தம்பி 1937இல் பேராக் மாநிலத் தோட்டமொன்றின் மளிகைக் கடைக்கு வேலைக்குப் போனார். 1943இல் படையில் சேர்ந்தார். ரங்கூனைக் காத்தவர்களில் ஒருவராகவே பிரிட்டிஷாரிடம் பிடிபட்டு, சில மாதம் முகாமில் இருந்து, 1946இல் ஊர் திரும்பினார். கம்போளத்தில் வெற்றிலைக் கடை வைத்தார். 1972இல் மத்திய அரசு தியாகிகள் ஓய்வூதியம் அறிவித்தபோது விண்ணப்பித்தார். ஆறு மாதச் சிறைவாசத்துக்குச் சான்று வேண்டும், இல்லையேல் உடனிருந்த கைதியின் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அவருடன் இருந்தவர்கள் ஒருவர் சுங்கை சிப்புட்டில், ஒருவர் தைப்பிங்கில், மற்றவர்கள் பர்மா மண்ணில். ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா ஒருவர், 'பெரியவரே, நீங்கள் பட்டாளத்தில் இருந்ததற்கு என்ன அத்தாட்சி?' என்று கேட்டாராம். இவர் எழுந்து, மேசைக்கு முன்னால் இந்துஸ்தானி ஆணைகளைத் தாமே சொல்லித் தாமே வலமும் இடமும் திரும்பிக் காட்டியிருக்கிறார். அங்கேயும் சிரித்திருக்கிறார்கள். அதன் பிறகு அவர் விண்ணப்பிக்கவில்லை.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது அவர் காலமானார். அதற்குச் சில மாதங்கள் முன், யாரோ சொல்லக் கேட்டுவிட்டு, சாப்பாட்டுக்காகவா பட்டாளத்தில் சேர்ந்தீர்கள் என்று நான் கேட்டேன். கோபிக்கவில்லை. வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே, 'அரிசிக்குத்தாம்டே போனேன். ஆனா அரிசிக்காவ நிக்கல்ல' என்றார். இதைவிடத் தெளிவான விடையை எந்த வரலாற்று நூலிலும் நான் படித்ததில்லை. ஒருவன் எதற்காகப் போனான் என்பது ஒரு கேள்வி. ஓடிவிட வழியிருந்தும் எதற்காக நின்றான் என்பது வேறு கேள்வி. முதல் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு நாம் எழுந்து வந்துவிடுகிறோம்.

அரங்கில் அன்று சொல்லப்பட்டதற்கு இதுவே என் மறுமொழி. கூலிப்படை என்பது கூலிக்காக எவர் பக்கமும் போரிடுவது. இவர்கள் கூலிகளாக இருந்தவர்கள், தம் பக்கம் எது என்று தாமே தேர்ந்தவர்கள். இரண்டு சொற்களுக்கும் இடையே ஒரு வேற்றுமை உருபுதான் வேறுபாடு என்று நினைப்பவருக்குத் தமிழ் தெரியவில்லை என்பேன்.

தொல்காப்பியம் நடுகல் நாட்டுதற்கு ஆறு நிலைகள் சொல்லும். அவற்றில் முதலாவது காட்சி, ஏற்ற கல்லைத் தேடிக் காணுதல். வாழ்த்துதல் கடைசி. நாம் முதல் ஐந்தையும் விட்டுவிட்டு நேராக வாழ்த்துக்குப் போய்விட்டோம், அதுவும் கப்பலேறாத ஒருவரைக் கப்பலேற்றி. இப்போதும் காலம் கடந்துவிடவில்லை. இந்த மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளின் தகரப் பெட்டிகளில் ஒரு பழைய புகைப்படமோ, மலேயாவிலிருந்து வந்த கடிதமோ, ஆசாத் ஹிந்த் நிதிக்குக் கொடுத்த பணத்துக்கான ரசீதோ கிடக்கும். அவற்றைக் கேட்டு வாங்கிப் படியெடுத்து, ஊர் வாரியாகப் பெயர் எழுதும் வேலையை என் மாணவர்களோடு இந்தக் கல்வியாண்டில் தொடங்கியிருக்கிறேன். கோட்டாறு, வடசேரி, இடலாக்குடி, சுசீந்திரம் என்று நடந்தே முடிக்கக்கூடிய தொலைவுதான். இதுவரை பதினொரு பெயர்கள் கிடைத்துள்ளன. அவற்றுள் ஒன்றைக் கொண்டுவந்தவன், அன்று பின்வரிசையில் எழுந்து கேட்ட அந்த இளைஞன்.